சிமிழுக்குள் அறுபத்துநான்கு காந்தங்கள்

உங்கள் துறைத்தலைவர் போன மாதம் என் வீட்டுக்கு வந்து, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயன்படும்படி என் பணி அனுபவங்களை எழுதித் தரச் சொன்னார். சாதனைகளை எழுதுங்கள் என்றார். சாதனைகளை மட்டும் எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். உங்கள் இதழில் சில பக்கங்களாவது நிரம்பவேண்டுமாம். ஆகவே பிழைகளை எழுதுகிறேன். அவற்றுக்கு என்னிடம் ஒருநாளும் தட்டுப்பாடு இருந்ததில்லை.

வந்து உங்கள் ஆய்வுகூடத்தையும் பார்த்தேன். குளிரூட்டிய அறை, பூட்டுப்போட்ட அலுமாரி, மூன்று கணினி. நீங்கள் ஆராய்கிற காந்த உருளைகள் ஒரு தலைமுடியின் தடிப்புக்குள் நூற்றுக்கணக்கில் அடங்கிவிடும் என்று ஒரு தங்கை விளக்கினார். புரிந்தவர்கள் ஆட்டுவதுபோல நானும் தலையை ஆட்டினேன். ஆனால் திரையில் அந்த உருளைகள் வரிசையாக நிற்க, ஒன்று வடக்கைத் தெற்காக மாற்றிக்கொண்டதும் பக்கத்தில் நின்றது மாறமாட்டேன் என்று முறைத்துக்கொண்டு நின்றதே, அதைக் கண்டபோது சந்தையில் பழைய அறிமுகக்காரர் ஒருவரைப் பார்த்த மாதிரி இருந்தது. எங்கள் உருளைகள் நற்சீரகம் அளவு. எங்கள் கணினியின் பெயர் பவானி.

பவானி கிரானிலிருந்து வந்து படித்த பிள்ளை. நான்கு வருடப் பட்டப்படிப்பில் அவளுக்கு அது ஏழாவது வருடம். அது அவளுடைய குற்றமல்ல. யுத்தத்துக்கு நடுவே வளாகம் திறந்திருந்த நாட்களை மட்டும் கூட்டிப் பார்த்தால் அவள் நேரத்துக்கே வந்திருந்தாள். இறுதியாண்டு ஆய்வு ஒன்றுதான் மிச்சம். சின்னஞ்சிறிய உருக்கு உருளைகளைக் காந்தமாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் அவை ஒன்றையொன்று என்ன செய்கின்றன என்பதுதான் தலைப்பு. தலைப்பைக் கொடுத்தவன் நான். விடை எனக்குத் தெரியும் என்ற தைரியத்தில்தான் கொடுத்தேன்.

உருளைகளுக்கு எங்கே போவது? எங்கள் ஆய்வுகூட உதவியாளர் ஹனீபா ஏறாவூர்க்காரர்; அவருடைய ஊர் வழக்கில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல எல்லோரும் காக்கா என்போம். தன் மனைவியின் தையல் ஊசிகளைக் கொண்டுவந்து, குறட்டால் நறுக்கி, முனைகளைச் சாணைக்கல்லில் தேய்த்துத் தந்தார். மொத்தம் அறுபத்துநான்கு. வாவிக் காற்று இரும்பை ஒரு கிழமை சும்மா விடாது என்பதால் அவற்றைத் தேங்காயெண்ணெயில் போட்டு வைத்தோம். காந்தப்புலத்துக்கு ஏறாவூரில் மோட்டர் சுற்றுகிற கடையில் சொல்லி ஒரு கம்பிச்சுருள் செய்தோம். கடைக்காரர் அது எந்த மோட்டருக்கு என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். மோட்டர் இல்லாமல் ஒருவன் சுருளை மட்டும் சுற்றச் சொல்வதை அவரால் ஏற்க முடியவில்லை.

பவானி ஒரு தட்டில் மெழுகை ஊற்றி, எட்டுக்கு எட்டாக அறுபத்துநான்கு துண்டுகளையும் நட்டாள். எல்லாவற்றுக்கும் வடமுனை மேலே. அந்த முனையில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு. பிறகு தட்டைச் சுருளுக்குள் வைத்து, எதிர்ப்பக்கமாக மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவேண்டும். மெழுகில் நிற்கிற துண்டு அசையாது. அதன் காந்தம் மட்டும் ஒரு கட்டத்தில் தலைகீழாகக் கவிழும். ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னத் திசைகாட்டியை அறுபத்துநான்கு தலைக்கு மேலும் பிடித்து, யார் கவிழ்ந்தார், யார் கவிழவில்லை என்று எழுதவேண்டும். மூன்று மாதம் எழுதினாள்.

தனியாக நின்ற துண்டு ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ ஒரே மின்னோட்டத்தில் கவிழ்ந்தது. என் பாடக்குறிப்பிலும் அப்படித்தான் இருந்தது. கூட்டத்தில் நின்றவையோ சில பாதியிலேயே கவிழ்ந்தன. சில இரட்டிப்பாகக் கூட்டியும் அசையவில்லை.

"சேர், ஒண்டு கவிழ்ந்தா அதுக்குப் பக்கத்தில நிக்கிறது பிடிவாதம் பிடிக்குது" என்றாள் பவானி. "எல்லாரும் ஒரே பக்கம் பாத்துக்கொண்டு நிக்கிறது அதுகளுக்கு விருப்பமில்லப் போல."

"ஊசிக்கு விருப்பு வெறுப்பு இருக்கோ புள்ள? உன்ட கைதான் நடுங்குது" என்றேன்.

அவளுடைய வரைபின் குறுக்கே பென்சிலால் நேராக ஒரு கோடு கிழித்து, ஓரத்தில் 'கைநடுக்கம்' என்று எழுதியும் கொடுத்தேன். எழுத்தில் கொடுத்தால் ஒரு கனம் உண்டல்லவா?

அந்த நேரம் பார்த்துப் பரீட்சகர் வருகிற செய்தி கிடைத்தது. தெற்கிலிருந்து வருகிறவர், பாதை திறந்திருக்கும்போதே திரும்பிவிடவேண்டும். வளாகத்துக்கு வரமுடியாது, பட்டண நடுவே ரவுனில் ஒரு பாடசாலை மண்டபத்தில் இருப்பேன், குறித்த நாளில் பின்னேரம் நான்கு மணிவரை பார்ப்பேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். தவறினால் அடுத்த வருடம். அந்தக் காலத்தில் அடுத்த வருடம் என்பதற்கு எத்தனை மாதம் என்று எவருக்கும் தெரியாது.

இனி என் பிழைக்கு வருகிறேன். இதுவரை நடந்தவை அதற்கான ஒத்திகை.

பொருட்களைக் கொண்டுபோக வளாகத்தில் ஒரு கடிதம் எடுத்தோம். 'கம்பிச்சுருள் ஒன்று, ஊசித் துண்டுகள் பதித்த மெழுகுத் தட்டு ஒன்று' என்று தட்டச்சு செய்து, முத்திரையும் குத்தியாயிற்று. வழியில் இராணுவச் சோதனைச் சென்றியில் பற்றறியை விடமாட்டார்கள் என்பதால், சுருளுக்கான பற்றறியை ரவுனிலேயே ஒழுங்கு செய்திருந்தேன். அன்று நான் செய்த ஒரே புத்தியான காரியம் அதுதான். தயவுசெய்து அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். புறப்படுகிற காலையில் மெழுகுத் தட்டை ஒருமுறை பார்த்தேன். மேலே துருத்திக்கொண்டு அறுபத்துநான்கு இரும்புத் தலைகள், எல்லாவற்றிலும் சிவப்புப் பொட்டு. சென்றியில் இதைக் கண்டால் என்ன நினைப்பார்கள்?

"எல்லாத்தையும் புடுங்கி ஒரு சிமிழுக்குள்ள போடுவம்" என்றேன்.

"வேணாம் சேர்" என்றாள் பவானி. "தட்டா இருந்தா ஆரோ படிக்கச் செய்தது எண்டு தெரியும். மறுகா எண்ணெயில தோஞ்ச துண்டெல்லாத்தையும் நடவும் நேரமில்ல."

நான் பொறுப்பான மேற்பார்வையாளர். கேட்பேனா? கமராவுக்குப் பிலிம் ரோல் வருகிற கறுப்புப் பிளாஸ்டிக் சிமிழ் ஒன்றை எடுத்து, துண்டுகளை ஒவ்வொன்றாகச் சிவப்பு மேலே வரும்படி அடுக்கினேன். அவை அடங்கவில்லை. ஒன்றை வைத்தால் இன்னொன்று துள்ளியது. பஞ்சை வைத்து அமத்தி, மூடியைப் போட்டு இறுக்கினேன். மூடி இறுகியதும் உள்ளே எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று நம்பினேன். அப்படி நம்பியவன் அந்தக் காலத்தில் இந்த நாட்டில் நான் ஒருவன் மட்டுமல்ல என்பது பிறகு எனக்கு ஓர் ஆறுதல்.

மூன்று சைக்கிளில் புறப்பட்டோம். சுருள் ஹனீபா காக்காவின் கரியரில். சிமிழ் என் சட்டைப்பையில். வீதியில் குழி இல்லாத இடங்களைத் தேடி ஓடினேன். அதிகம் கிடைக்கவில்லை.

தன்னாமுனைக்குக் கிட்ட ஒரு சென்றி. வரிசையில் நின்று எங்கள் முறை வர மதியம் தாண்டிவிட்டது. பவானி பெண்களைச் சோதிக்கிற பக்கம் போனாள். எங்கள் இருவரையும் ஒரு மேசைக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் செம்புக் கம்பிச்சுருள் ஒன்று, இறுக மூடிய கறுப்புச் சிமிழ் ஒன்று. யுத்த காலத்தில் இந்த இரண்டையும் ஒரு சிப்பாயின் முன்னால் வைத்துவிட்டு 'பௌதிகம்' என்று சொல்லிப் பாருங்கள். சிப்பாய் சிமிழைக் குலுக்கினான். உள்ளே இரும்புத் துண்டுகள் கலகலத்தன. அவன் முகம் மாறியது. அதிகாரி வந்தார்; எங்கள் மாணவர்களின் வயதுதான் இருக்கும். கடிதத்தைப் பிள்ளைகளின் விடைத்தாள்போல வரிவரியாக வாசித்தார்.

எனக்குச் சிங்களம் தெரியாது. ஹனீபா காக்கா புடவைச் சந்தை முழுவதையும் சிங்களத்தில் பேரம் பேசியவர். ஆகவே அவர்தான் எங்கள் மொழிபெயர்ப்பாளர்.

"கடிதத்தில தட்டு எண்டிருக்காம். தட்டு எங்க எண்டு கேக்கிறார்" என்றார் காக்கா. பிறகு தாழ்ந்த குரலில், "நானும் அதத்தான் காலையில கேக்க இருந்தன்."

நான் விளக்கத் தொடங்கினேன். ஊசியின் உருக்கு, அதன் காந்தத்தன்மை, பூமியின் புலம் என்று மூன்று நிமிடம் பேசினேன். காக்கா அதை மூன்று சொல்லில் முடித்தார்.

"என்ன காக்கா, அவ்வளவுதானா?"

"சின்னக் காந்தம் எண்டன். மிச்சமெல்லாம் அவருக்கு என்னத்துக்கு?"

அதிகாரி தன் இடுப்புப் பட்டியிலிருந்து திசைகாட்டியை எடுத்தார். நல்ல கருவி, எங்கள் ஆய்வுகூடத்தில் அப்படி ஒன்று இல்லை. அதை மேசையில் வைத்து, முள் நின்றபிறகு, சிமிழை மெல்லக் கிட்டக் கொண்டுபோனார். முள் அசையவில்லை. சிமிழைத் திருப்பினார், கவிழ்த்தார். முள் வடக்கைப் பார்த்தபடி எனக்கென்ன என்று கிடந்தது.

"காந்தமெண்டா முள்ளு ஆடவேணுமே எண்டு கேக்கிறார்" என்றார் காக்கா. "நியாயமான கேள்வி சேர்."

மிகவும் நியாயமான கேள்வி. நான் பரீட்சகனாக இருந்தால் அந்தப் பொடியனுக்கு முழுப் புள்ளியும் போட்டிருப்பேன். ஒரு காந்தமே முள்ளை ஆட்டும். அறுபத்துநான்கும் ஒரே பக்கம் பார்த்து நின்றால் அது சுழன்றிருக்கவேண்டும். சுழலவில்லை என்றால் இவை காந்தமல்ல, வெறும் இரும்புத் துண்டுகள். வெறும் இரும்புத் துண்டுகளைச் சிமிழில் அடைத்து, சிவப்புப் பொட்டும் வைத்துச் சுமந்துபோகிறவனை என்ன செய்வார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பின்னால் ஒரு வாகனம் இயந்திரம் ஓடியபடி நின்றது. அதைப் பார்க்காதிருக்க முயன்றேன். மணி இரண்டு தாண்டியிருந்தது.

பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைக்கும். எனக்கு வாய் திறக்கும்.

"காக்கா, எல்லாம் ஒரே திசையிலதான் நிக்குது, நானே என் கையால அடுக்கினது எண்டு சொல்லுங்க. அவர்ட திசைகாட்டி பழுதாயிருக்கும் எண்டும் சொல்லுங்க."

காக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"முன்பாதியச் சொல்றன். பின்பாதியச் சொல்லமாட்டன் சேர். எனக்கு ஆறு புள்ளையள்."

முன்பாதியைச் சொன்னார். அதிகாரி சிமிழைக் கையில் எடுத்துக்கொண்டு வாகனத்தின் பக்கம் ஏதோ சைகை காட்டினார். சோதனை முடிந்து பவானி வெளியே வந்தது அப்போதுதான். மேசையையும், அசையாத முள்ளையும், என் முகத்தையும் பார்த்தாள். மூன்றாவதைப் பார்த்தபோதே விசயம் விளங்கியிருக்கவேண்டும்.

"காக்கா, மூடியத் திறந்து பாக்கச் சொல்லுங்க" என்றாள். "தலையில பொட்டு எல்லாத்துக்கும் மேல நிக்குதா எண்டு."

திறந்தார்கள். பஞ்சு ஒரு மூலைக்கு ஒதுங்கிப்போயிருந்தது. நான் அடுக்கிய ஒழுங்கு ஒன்றும் அங்கே இல்லை. ஒன்று சிவப்பு மேலே, பக்கத்தில் நின்றது சிவப்பு கீழே. சில ஒன்றின் வாலை மற்றது பிடித்து வளையமாகக் கிடந்தன. என் சட்டைப்பைக்குள் கிடந்து, ஒவ்வொரு குழியிலும் துள்ளி, தங்களுக்குப் பிடித்தபடி அவை திரும்பியிருந்தன. ஒருவரின் வடக்கை மற்றவரின் தெற்கு அணைத்துவிட்டது. வெளியே முள்ளுக்குக் காட்ட ஒன்றும் மிச்சமில்லை.

"இப்ப ஒண்டே ஒண்ட எடுத்து முள்ளுக்குக் கிட்டப் பிடிக்கச் சொல்லுங்க."

அதிகாரி எண்ணெயில் வழுக்கிய ஒரு துண்டை நகத்தால் கிளப்பி எடுத்துப் பிடித்தார். முள் துடித்துத் திரும்பியது. துண்டை மறுபக்கமாகப் பிடித்தார். முள்ளும் மறுபக்கம் ஓடியது. அவரைச் சுற்றி இரண்டு சிப்பாய்கள் வந்து நின்றார்கள்.

"இப்ப ரெண்டு. ரெண்டுக்கும் பொட்டு ஒரு பக்கமா."

அவர் உள்ளங்கையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். விரலை எடுத்ததும் ஒன்று சடக்கென்று புரண்டு, தலைகீழாகப் போய் மற்றதோடு ஒட்டிக்கொண்டது. முள் மெல்லத் தன் பழைய இடத்துக்குத் திரும்பியது. அவர் நம்பவில்லை. பிரித்து வைத்தார், அமத்தினார், விட்டார். மறுபடியும் புரண்டது. சிப்பாய் ஒருவன் தானும் ஒரு தடவை செய்து பார்க்கக் கேட்டான். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. "அங்க என்னப்பா, கடலையா விக்கிறாங்கள்?" என்று ஒருவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

பிறகு அதிகாரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சிரிப்பு இல்லை. காக்கா மொழிபெயர்த்தார்: "எல்லாம் ஒரே பக்கம் நிக்குதெண்டு சேர் சொன்னீங்க. நிக்கேலாதெண்டு புள்ள காட்டுது. ரெண்டுல எது மெய் எண்டு கேக்கிறார்."

தம்பி தங்கைமாரே, இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று ஆறுதலாக வாசியுங்கள். ஒரே பொருளைப் பற்றி இரண்டு பேர் இரண்டு கதை சொன்னால் சென்றியில் இரண்டு பேரையும்தான் ஏற்றுவார்கள். என்னிடம் ஒரு நல்ல வசனம் தயாராக இருந்தது: சில நிபந்தனைகளின் கீழ் என் கூற்றும் சரியாகலாம் என்று. விரிவுரையாளர் கூட்டங்களில் அந்த வசனத்தால் பலமுறை தப்பியிருக்கிறேன். வாய்வரை வந்தது. பவானியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. காவலரண் சுவரில் மாட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"புள்ள சொல்றதுதான் மெய்" என்றேன். "நான் சொன்னது பிழை. மூண்டு மாசமா அவ இதத்தான் சொன்னவ. நான் கேக்கல்ல."

என் மூன்று நிமிடத்தை மூன்று சொல்லாக்கிய ஹனீபா காக்கா, இந்த நான்கு சின்ன வசனத்தை மொழிபெயர்க்க எடுத்த நேரத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். கையால் வரைபு கீறினார். குறுக்கே ஒரு கோடு கிழித்தார். தன் கையை நடுக்கிக் காட்டினார். என் மூக்குக்கண்ணாடி, என் நடை, காலையில் பஞ்சு வைத்து அமத்தியது, ஒன்றும் விடவில்லை. சிப்பாய்கள் சிரித்தார்கள், பிறகு அதிகாரியும் சிரித்தார். மொழி தெரியாமல் போனதற்கு வாழ்க்கையில் ஒரேயொரு முறை நன்றி சொன்னேன்.

துண்டுகளைச் சிமிழில் போடவேண்டாம் என்று பவானி சொல்லிவிட்டாள். மணிலாக் கடலைச் சரைபோல ஒரு கடதாசிச் சுருளில் மடித்துத் தந்தார்கள். அதிகாரி அறுபத்துநான்கையும் தானே எண்ணிப் போட்டார்.

மண்டபத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்றரை. பரீட்சகர் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். மெழுகில் நட நேரமில்லை. சுருளையும் பற்றறியையும் பொருத்தவும் நேரமில்லை. வரைபை மட்டும் விரித்தோம். அதன் குறுக்கே கிடந்த பென்சில் கோட்டையும் ஓரக்குறிப்பையும் அவர் விரலால் தொட்டார்.

"இது யாருடைய எழுத்து?"

"என்னுடையது" என்றேன்.

"இன்னும் அப்படித்தான் நினைக்கிறீர்களா?"

"இன்று இரண்டு மணிவரை நினைத்தேன்."

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்துவிட்டு, அதன்பிறகு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பவானி கடதாசிச் சுருளைப் பிரித்து, சென்றி மேசையில் காட்டியதை அந்த மேசையிலும் காட்டினாள். பரீட்சகரும் இரண்டு துண்டைப் பிடித்து அமத்திப் பார்த்தார், அவருக்கும் புரண்டது. "பக்கத்தில் வைக்காமல் ஒன்றின் தலைக்கு மற்றதின் வாலாக வரிசையில் வைத்தால்?" என்று கேட்டார். "அப்ப ஒண்டுக்கொண்டு துணை சேர். கவிழ்க்கிறது இன்னும் கஷ்டம். அதுக்கும் ரெண்டு பக்க அளவீடு பின்னால இருக்கு" என்றாள். அந்த இரண்டு பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. அவள் என்னிடம் காட்டாமல் வைத்திருந்தாள். காட்டியிருந்தால் நான் அதற்கும் ஒரு கோடு கிழித்திருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க அவர் கையெழுத்திட்டார். கையெழுத்துக்கு மேலே அவர் எழுதிய இரண்டு வரியை நான் வாசித்தேன். முதல் வரி பவானியின் வேலையைப் பற்றியது. அவளை மேற்படிப்புக்கு அனுப்பவேண்டும் என்றிருந்தது. இரண்டாவது வரி மேற்பார்வையைப் பற்றியது. அதை உங்கள் இதழில் போடவேண்டாம்.

அறிவுரை என்று ஒன்று எழுதத்தான் வேண்டுமென்றால் இதை எழுதுகிறேன். உங்கள் உருளைகள் உங்கள் கோட்டில் விழாதபோது, அளந்தவரின் கையைப் பார்ப்பதற்கு முன் உங்கள் கோட்டைப் பாருங்கள். எனக்கு ஆய்வுகூடத்தில் மூன்று மாதம் கிடைத்தது, பார்க்கவில்லை. சென்றியில் ஐந்து நிமிடம் கிடைத்தது, பார்த்தேன். உங்களுக்கு அந்த வசதி கிடைக்காமல் இருக்கட்டும். ஆகவே கொஞ்சம் வேளைக்கே பாருங்கள்.

வெயில் தணிகிற நேரம் அதே பாதையால் திரும்பினோம். சென்றியில் அதே அதிகாரி. இந்தமுறை கடிதத்தை வாங்கவில்லை. பவானியைக் காட்டிக் காக்காவிடம் ஏதோ கேட்டார். காக்கா பதில் சொன்னார். அவர் சந்தோசமாகத் தலையாட்டிவிட்டு, என்னைக் காட்டி இன்னொன்று கேட்டார். காக்கா அதற்கும் பதில் சொன்னார். காவலரணுக்குள் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். பவானி சைக்கிளில் ஏறிக் கொஞ்சம் வேகமாக முன்னால் போய்விட்டாள்.

அரை மைல் பொறுத்தேன்.

"என்ன காக்கா கேட்டவர்?"

"புள்ள பாஸா எண்டு கேட்டார். பாஸ் எண்டன்."

"மறுகா?"

"சேர் எப்படி எண்டு கேட்டார்." காக்கா பெடலை ஒருமுறை அழுத்திமிதித்தார். "சேர் வாற வருசம் திரும்ப எழுதுவார் எண்டு சொன்னன்."